ஆபிரகாமுக்குக் கிடைத்தது ஒரு கல்லறை நிலம்தானே?

கேள்வி: அண்ணா, கானான் தேசம் முழுவதையும் தருவேன் என்று கர்த்தர் ஆபிரகாமுக்கு வாக்குக் கொடுத்தார். ஆனால் ஆபிரகாம் சாகும்போது அவர் பேரில் இருந்தது, சாராளை அடக்கம் செய்யக் காசு கொடுத்து வாங்கிய நிலம் மட்டும்தான். "வாக்கு மாறாதவர்" என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம், எனக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. கையில் வாங்காமலே செத்தவருக்கு வாக்கு நிறைவேறியது என்று எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் சொல்வது உண்மைதான் தங்கச்சி. அந்த மக்பேலா நிலத்தைக்கூட, அங்கே குடியிருந்த ஏத்தின் புத்திரர் முன்னால் பணிந்து நின்று, 400 சேக்கல் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் ஆதியாகமம் 15-ஐ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உன் சந்ததி அந்நிய தேசத்தில் 400 வருஷம் அடிமையாக இருக்கும், நீயோ நல்ல முதிர்வயதில் அடக்கம் பண்ணப்படுவாய், அதற்கப்புறம்தான் அவர்கள் இங்கே திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் அங்கேயே சொல்லிவிடுகிறார். தான் பார்க்கப்போவதில்லை என்பது தெரிந்தே ஆபிரகாம் நம்பினார், ஆசை காட்டி ஏமாற்றிய பேச்சு அதில் எதுவும் இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் அதிகமாகப் பிடித்தது எரேமியா 32. யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் 10-ஆம் வருஷம், அதாவது கி.மு. 587 வாக்கில், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை வளைத்து மண்மேடு போட்டு ஏறிக்கொண்டிருக்கிறது, ஊருக்குள் பஞ்சம், நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா தீர்க்கதரிசி காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், உனக்குத்தான் உரிமை என்கிறான். ஆனதோத் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே பாபிலோன் படை நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே எரேமியாவைக் கொல்லப் பார்த்தவர்கள் வேறு. யாராவது வாங்குவார்களா?

வாங்கினார். கர்த்தர் சொன்னார் என்பதற்காக 17 சேக்கல், கிட்டத்தட்ட 200 கிராம் வெள்ளி, தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப் பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று என்று இரண்டையும் தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த வாக்கு. அப்புறம் அவரே ஜெபத்தில், நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொல்கிறீர் என்று கேட்டும்விடுகிறார். அவருக்கும் அது புரியாமல்தான் இருந்தது.

எருசலேம் எரிந்தது, ஜனங்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். எரேமியாவை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வந்ததாக வேதத்தில் இல்லை. கி.மு. 539-இல் பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்து, சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்பலாம் என்று கட்டளையிட்டார். திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2-இல் இருக்கிறது, நாம் பெரும்பாலும் தாண்டிவிடுகிற வெறும் பெயர் வரிசை. அதில் 23-ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். அந்த வரியை நான் ஒருநாளும் சும்மா படித்துவிட்டுப் போக முடிந்ததில்லை. எரேமியா வெள்ளி கொடுத்து வாங்கினாரே, அதே ஊர்.

ஆக, வாக்கு தந்தவரையும் அதைக் கேட்ட ஒரு மனிதனின் ஆயுசையும் ஒரே அளவில் வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் காத்திருப்பது வலிக்காது என்று சொல்ல மாட்டேன். தொண்டை அடைத்தால் பாட்டை நிறுத்திவிட்டு 89-ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். கர்த்தருடைய உண்மையைப் புகழ்ந்து ஆரம்பிக்கிற அதே ஆள், முடிவுக்கு வரும்போது, தாவீதுக்கு ஆணையிட்ட உம்முடைய பழைய கிருபைகள் எங்கே ஆண்டவரே என்று நேருக்கு நேர் கேட்கிறார். அந்தக் கேள்வியை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. நீங்களும் அப்படியே கேட்கலாம், சபையில் உட்கார்ந்தே கேட்கலாம்.