குளிருக்குக் காசு கொடுக்காதீர்கள்: யுனிவர்சலா, கெந்திங்கா, சன்வே லகூனா?

கேள்வி கேட்டவர் நுவரெலியாக்காரர். வீட்டில் பன்னிரண்டு வயது மகன், ஆறு வயது மகள், கூடவே அப்பாயி. ஏப்ரல் லீவிலோ ஆகஸ்ட் லீவிலோ வெளிநாட்டுத் தீம் பார்க் ஒன்றுக்குப் போக வேண்டுமாம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மலேசியாவின் கெந்திங் மலை, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள சன்வே லகூன், மூன்றில் எது என்று கேட்கிறார். நான் ஹட்டன். மூன்றுக்கும் போயிருக்கிறேன், அக்கா குடும்பத்தோடும் போயிருக்கிறேன், சொந்தப் பிள்ளைகளோடும் போயிருக்கிறேன். மலையகத்து ஆளாகத்தான் பதில் சொல்லுவேன், இதையே கொழும்பில் இருந்து ஒருவர் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

கெந்திங்கை முதலிலேயே எடுத்துவிடுங்கள். யூடியூபில் அதைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம், மேகத்துக்குள்ளே போகிறோம், கை விறைக்கிறது, ஜாக்கெட் போடாமல் நிற்க முடியவில்லை என்று தமிழ்நாட்டு ஆட்கள் துள்ளுவார்கள். துள்ளட்டும், அவர்கள் வெயிலில் வெந்துவிட்டு வருகிறவர்கள், அந்தக் குளிரே அவர்களுக்குப் பாதி டிக்கட் காசுக்குச் சரி. கெந்திங் இருப்பது கிட்டத்தட்ட 1,800 மீற்றர் உயரத்தில். நுவரெலியா 1,868 மீற்றர். அதாவது நீங்கள் பாஸ்போர்ட் எடுத்து, விசா எடுத்து, மூன்றரை மணித்தியாலம் பறந்து, மறுபடி மலை ஏறி, உங்கள் வீட்டு வாசலில் தினம் இறங்கும் அதே பனிமூட்டத்தில் அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கப் போகிறீர்கள். பிள்ளைகள் "இது நம்ம ஊரு மாதிரியே இருக்கே" என்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள்.

அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. பழைய வெளிப்புறப் பார்க்கை 2013இல் மூடிவிட்டு, ஒரு பெரிய ஹொலிவூட் நிறுவனத்தின் பெயரில் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள், நடுவில் அது வழக்கு வரைக்கும் போய்ச் சமாதானமாகி, கடைசியில் 2022 பெப்ரவரியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறந்தார்கள். ஒன்பது பகுதிகள், எல்லாம் புதுசு, பளபளப்பு. ஆனால் மழை பலமாகப் பிடித்தால் வெளியே இருக்கும் ரைடுகள் நிற்கும், மலையில் மழை எப்படி வரும் என்று நுவரெலியாக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளேயே ஸ்கைட்ரொபொலிஸ் என்று ஒரு மூடிய பார்க்கும் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். எனக்கு உண்மையில் பிடித்தது அவானா ஸ்கைவே கேபிள் கார்தான், 2.8 கிலோமீற்றர், காட்டுக்கு மேலே போகிறது, நடுவில் சின் ஸ்வீ சீனக் கோயிலில் இறங்கி ஏறலாம். அப்பாயிக்கு அது பிடிக்கும். அதற்காக மட்டும் அரை நாள் ஒதுக்கலாம், பார்க் டிக்கட் எடுக்காமலே.

சரி, மிச்சம் இரண்டு.

யுனிவர்சல் பெரிய பெயர், அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரித்தான் இருக்கிறது. செந்தோசா தீவில் 2010இல் ஆரம்பித்தது. விவோசிட்டி கடைத்தொகுதியில் இருந்து மோனோ ரெயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வாசல், பக்கத்திலேயே நடைபாதைப் பாலமும் இருக்கிறது, நடந்தால் காசு மிச்சம். உள்ளே போனால் துப்புரவு, ஒழுங்கு, எல்லாம் சிங்கப்பூர்தான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைட் பெரியவர்களையே கத்த வைக்கும். மடகஸ்கார் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மினியன் லேண்ட் கட்டி 2025 பெப்ரவரியில் திறந்திருக்கிறார்கள், உங்கள் சின்னவளுக்கு அதுவே சொர்க்கம். மூத்தவனுக்கு பேட்டில்ஸ்டார் கலக்டிகா. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டு ரோலர் கோஸ்டர்கள் ஒன்றை ஒன்று மோத வருகிற மாதிரி ஓடும். நீலத்தில் கால் அந்தரத்தில் தொங்கும், தலைகீழாகவும் போகும். உயரம் 42.5 மீற்றர். (கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலை முருகன் சிலை 42.7 மீற்றர், முருகன்தான் கொஞ்சம் உயரம் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. உயரக் கம்பு. அந்த அளவுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை ரைடில் ஏற்றமாட்டார்கள். பேட்டில்ஸ்டாருக்கு 125 சென்ரிமீற்றர், மம்மி ரைடுக்கு 122, ஜுராசிக் தண்ணீர் ரைடுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. வரிசை வாசலில் கம்போடு அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை நிற்கும், சிரித்த முகம், ஆனால் அரை விரலுக்கும் இரங்காது. என் அக்கா மகள் அந்தக் கம்புக்குக் கீழே வந்ததும் குதிகாலை மெல்லத் தூக்கினாள், அந்தப் பிள்ளை குனிந்து செருப்பைப் பார்த்தது, இவள் இறக்கினாள், கம்புக்கும் தலைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அவ்வளவுதான். அண்ணன்காரன் உள்ளே போனான், இவள் வெளியே நின்று அழுதாள், அக்கா ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து அங்கேயே உட்கார்ந்தாள், அன்றைக்கு முழுக்கக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தே சுற்றியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை, அதனால் ஆறு வயது என்றால் இத்தனை இருக்கும் என்று இணையத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இன்றைக்கே செருப்பில்லாமல் சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள். 107ஐத் தொடவில்லை என்றால் மகளுக்கு அங்கே பாதிப் பார்க்தான், அப்பாயிக்குக் கால் பாகம், ஆனால் இருவருக்கும் டிக்கட் எடுத்தே ஆக வேண்டும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் வேறு தனிக் காசு, அது வேண்டாம், சனி ஞாயிறு தவிர்த்துக் காலையில் வாசல் திறக்கும்போதே போய் நின்றால் போதும்.

இப்போது சன்வே லகூன். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் ரைடு இல்லை, தண்ணீரும் வெயிலும்.

இந்த இடம் ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கம். தோண்டி முடித்துக் கைவிட்ட பெரிய பள்ளத்தை 1993இல் பார்க்காக்கித் திறந்தார்கள், அதனால் நீங்கள் மேலே இருந்து எஸ்கலேட்டரில் பள்ளத்துக்குள் இறங்கிப் போவீர்கள், மேலே ஆள் நடக்கும் தொங்குபாலம் ஒன்று 428 மீற்றர் நீளத்துக்குப் போகிறது. தண்ணீர்ப் பகுதி, சாதாரண ரைடுகள், மிருகங்கள் உள்ள பகுதி, பேய் வீட்டுப் பகுதி என்று பிரித்திருக்கிறார்கள். பேய் வீட்டை விடுங்கள். நேராகத் தண்ணீருக்குப் போங்கள்.

அங்கே மணல் கொட்டிய செயற்கைக் கடற்கரை, அலை வரும் குளம். எங்கள் பிள்ளைகள் முதல் தடவை அந்தக் கரையில் நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. தோளைக் குறுக்கி, கையிரண்டையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பெருவிரல் நுனியை மட்டும் தண்ணீரில் வைத்தார்கள். தண்ணீர் என்றாலே தோட்டத்துப் பீலிக்கரையில் (மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் இடம்) காலை ஆறு மணிக்குப் பல் கிட்டிப்போகும் தண்ணீர்தானே அவர்களுக்குத் தெரியும். தொட்டதும் ஒருவன் மற்றவனைத் திரும்பிப் பார்த்தான், "சுடுதண்ணி போட்டிருக்காங்கடா" என்றான். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வெளியே இழுத்தெடுக்க முடியவில்லை. குளிக்கும்போது நடுங்காமல் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு அதிசயம், அது நுவரெலியாவில் எந்த விலைக்கும் கிடைக்காது. உயரக் கம்பு பெரிய சறுக்குகளுக்கு இங்கேயும் உண்டு, ஆனால் குளத்தில் பன்னிரண்டு வயதுக்காரனும் ஆறு வயதுக்காரியும் அம்மாவும் அப்பாவும் ஒரே தண்ணீரில் நிற்கலாம், அப்பாயி மணலில் உட்கார்ந்து கால் நனைக்கலாம். குடும்பம் பிரியாது.

உடுப்பு விஷயத்தில் கவனம். பருத்திச் சட்டை, டெனிம், சுடிதார் எதுவும் தண்ணீருக்குள் விடமாட்டார்கள், நீச்சல் துணிதான். நம் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டதும் பின்வாங்குவார்கள், பின்வாங்கத் தேவையில்லை. மலேசியா முஸ்லிம்கள் அதிகம் உள்ள நாடு, கழுத்தில் இருந்து கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடுப்பு அங்கே சாதாரணம், பாதிப் பெண்கள் அதில்தான் இருப்பார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முன்கூட்டியே கொழும்பில் வாங்கிக்கொள்ளுங்கள், பார்க் கடையில் விலை கடிக்கும். சாப்பாட்டுப் பார்சலும் உள்ளே கொண்டுபோக முடியாது. வெயிலுக்குக் கிரீம் பூசாமல் விடாதீர்கள், நம் பிள்ளைகளின் தோல் அந்த வெயிலுக்குப் பழகியதில்லை, இரவு தோள்பட்டை எரிகிறது என்று தூங்கமாட்டார்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகளை அலை வரும் நேரம் கையைப் பிடித்துக்கொண்டே நிற்கவும், நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

போக்குவரத்து லேசு. கோலாலம்பூரில் இருந்து கெலானா ஜெயா எல்ஆர்டி ரயிலில் யுஎஸ்ஜே 7 வரை போய், பிஆர்டி பஸ் மாறினால் சன்வே லகூன் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. மறுநாள் பத்துமலை, 272 படி, அப்பாயிக்கு முட்டி வலி என்றால் கீழே சிலைக்கு முன்னால் நின்று கும்பிட்டுக்கொள்ளட்டும். கோயில் வாசல் கடைகளில் பேசிப் பாருங்கள், அங்குள்ள தமிழர்களில் நிறையப் பேரின் தாத்தா பாட்டி றப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள், நம் கதையின் இன்னொரு கிளை, "நீங்க எந்தத் தோட்டம்" என்று அவர்களும் கேட்பார்கள்.

சன்வேக்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும், விசா. சிங்கப்பூருக்கு இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை, வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். மலேசியாவுக்கு ஈ-விசா எடுக்க வேண்டும், அதற்கு மேலே அவர்களுடைய வருகை அட்டையும். இரண்டு நாட்டின் வருகை அட்டையும் இலவசம், காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டப் பக்கத்தில் அப்பா பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி இருப்பது புதிதில்லை, அப்பாயியின் காகிதங்களைக் கட்டாயம் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்குக் கண்டி அலுவலகமே போதும், கொழும்புக்கு இறங்க வேண்டாம்.

மூத்தவன் ரோலர் கோஸ்டர் பைத்தியம், சின்னவளும் 122ஐத் தாண்டிவிட்டாள் என்றால் என் பேச்சைக் கேட்காமல் யுனிவர்சலுக்கே போங்கள். ஏப்ரல், ஆகஸ்ட் இரண்டும் சிங்கப்பூர்ப் பாடசாலைகளின் பெரிய விடுமுறைக் காலம் இல்லை, அவர்களுக்கு ஜூனும் வருடக் கடைசியும்தான். ஆகஸ்ட் 9 அவர்களின் தேசிய தினம், ஆகஸ்ட் 31 மலேசியாவுக்கு, அந்த இரண்டு நாட்களைச் சுற்றிப் போகாதீர்கள்.

லெகோலாண்ட் தீம் பார்க்குக்குப் போகலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஜொகூரில் 2012இல் திறந்தது, சிங்கப்பூரில் இருந்து பாலம் தாண்டிப் போகலாம், ஆனால் விசா வேண்டும். அது சின்னப் பிள்ளைகளுக்கான இடம், உங்கள் பன்னிரண்டு வயதுக்காரன் அங்கே கொட்டாவி விடுவான்.

காசு அவ்வளவு இல்லை என்றால், தமிழ்நாட்டு நீலகிரிப் பக்கம் கோத்தகிரியிலோ கூடலூரிலோ சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? நம்மில் பாதிப் பேருக்கு இருப்பார்கள், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து இந்தியாவுக்குப் போனவர்கள். அவர்கள் வீட்டில் தங்கி, மலையை விட்டு இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் தண்ணீர்ப் பார்க், கீழே நல்ல வெயில். விசா அதற்கும் உண்டு, ஆனால் தங்கும் செலவு இல்லை, பேச்சும் தமிழ், சாப்பாடும் சோறு.

எதற்குப் போனாலும் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஹங்வெல்ல பக்கம் லெஷர் வேர்ல்ட் பார்க்குக்கோ பண்டாரகம பேர்ல் பே தண்ணீர்ப் பார்க்குக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரைடில் ஏறினால் யார் அழுகிறார்கள், யாருக்கு வாந்தி வருகிறது, யார் தண்ணீருக்குப் பயப்படுகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும், பிறகு எந்த டிக்கட் எடுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம். விமானம் காலையில் என்றால் முதல் நாளே கட்டுநாயக்க பக்கம் வந்து தங்கிவிடுங்கள், இறங்கும் வழியில் கினிகத்தேனையிலும் கித்துல்கலையிலும் மழை நேரத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் எந்த விமானமும் உங்களுக்காக நிற்காது.