'ஃப்ரம்' எங்கே, 'ஆஃப்' எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விழா அறிக்கை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியபோது, எல்லா வயதினரும் எல்லாத் துறையினரும் வந்திருந்தார்கள் என்ற பொருளில் 'பீப்பிள் ஆஃப் ஆல் ஏஜஸ் அண்ட் ஆஃப் ஆல் வாக்ஸ் ஆஃப் லைஃப்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மூத்தவர் ஒருவர் இரண்டாவது 'ஆஃப்' இருந்த இடத்தில் 'ஃப்ரம்' என்று திருத்திவிட்டு, முதலாவதைத் தொடாமல் விட்டுவிட்டார். காரணம் கேட்டதற்கு, "அதுதான் வழக்கு" என்றார். அந்த வழக்குக்குள் ஏதேனும் ஒழுங்கு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அவர் திருத்தியதும் சரி, திருத்தாமல் விட்டதும் சரி.

ஒருவரின் தோற்றுவாயை ஆங்கிலம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. அவர் புறப்பட்டு வந்த இடமாக அதைக் கருதினால் 'ஃப்ரம்' வருகிறது. அவரோடு ஒட்டியிருக்கும் தன்மையாகக் கருதினால் 'ஆஃப்' வருகிறது. வயது என்பது யாரும் விட்டுவிட்டு வந்த இடமன்று, அவரிடமே இருப்பது. ஆகவே 'பீப்பிள் ஆஃப் ஆல் ஏஜஸ்' என்பதே பொருந்தும். அங்கே 'ஃப்ரம்' போட்டால், 'ஏஜ்' என்ற சொல்லுக்கு யுகம் என்ற பொருளும் இருப்பதால், கற்காலத்திலிருந்தும் இரும்புக் காலத்திலிருந்தும் ஆட்கள் எழுந்து விழாவுக்கு வந்துவிட்டதுபோல ஆகிவிடும். 'வாக் ஆஃப் லைஃப்' அப்படிப்பட்டதன்று. 'வாக்' என்பது இங்கே ஒருவர் தம் தொழிலாலும் சமூக நிலையாலும் நடமாடும் வட்டத்தைக் குறிக்கிறது. தத்தம் வட்டங்களிலிருந்து புறப்பட்டு வந்து ஓரிடத்தில் கூடினார்கள் என்பதே அத்தொடருக்குள் இருக்கும் காட்சி. அதனால்தான் 'ஃப்ரம்'. 'ஆஃப் ஆல் வாக்ஸ் ஆஃப் லைஃப்' என்று எழுதுவோரும் உண்டு. அது இலக்கணப் பிழையாகாது. ஆனால் அடுத்தடுத்து வரும் இரண்டு 'ஆஃப்'கள் காதில் இடறுகின்றன.

நம் இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் எளிதாக விளங்கும். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் முதலாவது நீங்கல். ஆறாம் வேற்றுமைக்குச் சொல்வது தற்கிழமையும் பிறிதின்கிழமையும். பண்பும் உறுப்பும் போலப் பொருளை விட்டுப் பிரியாதவை தற்கிழமைக்குள் அடங்கும். 'ஃப்ரம்' நம் நீங்கற்பொருளுக்கு நெருக்கமானது. தோற்றத்தைச் சொல்லும் 'ஆஃப்' தற்கிழமைக்கு நெருக்கமானது. எனவே எந்த ப்ரிப்போசிஷன் என்று திகைக்கும்போது, பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பார்த்து, 'இதை ஒருவர் விட்டு வர முடியுமா, கூடவே கொண்டுதான் வர முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். கன்ட்ரி, ரீஜன், பார்ட், கார்னர், ஃபேமிலி ஆகியவை விட்டு வரக்கூடியவை, அவற்றுக்கு 'ஃப்ரம்'. பர்த், டிசென்ட், ஆன்செஸ்ட்ரி, நேஷனாலிட்டி, ஃபெய்த் ஆகியவை கூடவே வருபவை, அவற்றுக்கு 'ஆஃப்'. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் அதே மாணவர்களை 'ஸ்டூடன்ட்ஸ் ஃப்ரம் தர்ட்டி கன்ட்ரீஸ்' என்றும் சொல்லலாம், 'ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் தர்ட்டி நேஷனாலிட்டீஸ்' என்றும் சொல்லலாம். ஆட்கள் மாறவில்லை, நாடு என்ற சொல் குடியுரிமை என்ற சொல்லாக மாறியவுடன் ப்ரிப்போசிஷனும் மாறிவிட்டது.

பொருள்களைப் பற்றிப் பேசும்போதும் இதே பார்வைதான். மேசை 'மேட் ஆஃப் வுட்'. அதைத் தொட்டால் மரம் தெரியும். காகிதம் 'மேட் ஃப்ரம் வுட்'. மரம் தன் உருவத்தை விட்டு நீங்கிவிட்டது.

எல்லைக்கோட்டில் நிற்கும் சொற்களும் சில உண்டு. 'பேக்கிரவுண்ட்' இரண்டையும் ஏற்கும் என்றாலும், 'ஃப்ரம் ஆல் பேக்கிரவுண்ட்ஸ்' என்பதே மிகுதியாக வழங்குகிறது. 'ஆரிஜின்' பெரும்பாலும் 'ஆஃப்' பக்கமே சாயும்: 'வேர்ட்ஸ் ஆஃப் லத்தீன் ஆரிஜின்', 'எ மேன் ஆஃப் ஹம்பிள் ஆரிஜின்ஸ்'. ஆனால் அந்த எளிய நிலையிலிருந்து அவர் உயர்ந்தார் என்று கதை நகரத் தொடங்கியதும், 'ரோஸ் ஃப்ரம் ஹம்பிள் ஆரிஜின்ஸ்' என்று 'ஃப்ரம்' வந்துவிடுகிறது. இப்போது அது விட்டு நீங்கிய நிலையாகிவிட்டதல்லவா?

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'ஆஃப்' தொடக்கத்தில் நீங்கற்பொருளைத் தந்த சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'அங்கிருந்து விலகி' என்பதே முதன்மையான பொருள். விளக்கை அணைக்கும்போது நாம் சொல்லும் 'ஆஃப்' அதே சொல்லின் அழுத்தமான வடிவம், எழுத்திலும் பொருளிலும் பின்னாளில் தனியாகப் பிரிந்துகொண்டது. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, 'இருந்து', 'உடைய' என்ற இரு பொருளையும் ஒன்றாகத் தாங்கிய பிரெஞ்சு 'த' என்ற சொல்லின் செல்வாக்கும் சேர, 'ஆஃப்' மேலும் மேலும் உடைமைப் பொருளுக்கு நகர்ந்தது. தமிழ் 'இன்' உருபின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 'மலையின் வீழருவி' என்பது நீங்கலுக்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம். மலையிலிருந்து வீழும் அருவி என்று பொருள். இன்றைக்கு 'மலையின்' என்று கேட்டவுடன் மலைக்கு உரிய ஏதோ ஒன்றுதான் நம் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: 'ஃப்ரம் ஆல் ஓவர் த வேர்ல்ட்' என்பதில் 'ஃப்ரம்', 'ஓவர்' என்று இரண்டு ப்ரிப்போசிஷன்கள் வருகின்றனவே, ஒன்றை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்கக் கூடாது. 'ஆல் ஓவர் த வேர்ல்ட்' என்பது முழுவதும் சேர்ந்து ஓர் இடத்தின் பெயர்போல நிற்கிறது. 'ஃப்ரம்' அந்த முழுத் தொடரையும் தழுவிக்கொள்கிறது. நாமும் 'மேசைக்கு அடியிலிருந்து', 'திரைக்குப் பின்னாலிருந்து' என்று சொல்கிறோம். 'அடியில்' என்பதன் மேல் 'இருந்து' ஏறுவதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 'ஃப்ரம் அண்டர் த டேபிள்', 'ஃப்ரம் அக்ராஸ் த கன்ட்ரி', 'ஃப்ரம் அரவுண்ட் த வேர்ல்ட்' எல்லாம் அதே கட்டமைப்புத்தான். மேலும், 'ஃப்ரம்' போனால் பொருளும் போகும். 'ரீடர்ஸ் அக்ராஸ் த கன்ட்ரி' என்றால் நாடெங்கும் பரவியிருக்கும் வாசகர்கள். 'ரீடர்ஸ் ஃப்ரம் அக்ராஸ் த கன்ட்ரி' என்றால் நாடெங்கிலுமிருந்து ஓரிடத்துக்கு வந்தவர்கள். முதலாவதில் அவர்கள் வீட்டை விட்டு நகரவே இல்லை.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில தொடர்களிலும் நம்மவர்கள் தடுமாறுவதுண்டு. 'ஆல்' வந்தால் பன்மை, 'எவ்ரி' வந்தால் ஒருமை: 'ஃப்ரம் ஆல் கார்னர்ஸ்', 'ஃப்ரம் எவ்ரி கார்னர்'. உருண்டையான உலகுக்கு மூலை ஏது என்று கேட்காதீர்கள்; 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் ஏசாயா நூலிலேயே பூமியின் நான்கு மூலைகள் வந்துவிட்டன. 'ஃப்ரம் ஃபார் அண்ட் வைட்' என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல் எதுவும் வேண்டாம். 'பிளேசஸ்' என்று சேர்ப்பவர்கள் அதைக் கெடுக்கிறார்கள். தமிழில் 'எங்கெங்கிருந்தும்' என்று முற்றும்மை ஒன்றே வேலையை முடித்துவிடுவதுபோல, அதுவும் தானே நிறைவு பெற்ற தொடர். 'வேறு வேறு இடங்கள்' என்ற நம் அடுக்கை அப்படியே பெயர்த்து 'டிஃபரன்ட் டிஃபரன்ட் பிளேசஸ்' என்பது பேச்சில் இனிமையாக இருக்கலாம், எழுத்தில் ஒரு 'டிஃபரன்ட்' போதும்.

கேள்வி: 'எ வைட் ரேஞ்ச் ஆஃப் பீப்பிள்' என்ற தொடருக்குப் பின் 'ஹேஸ்' வருமா, 'ஹேவ்' வருமா? அதுபோல 'சயின்ஸ் பேக்கிரவுண்ட்' உள்ளவரை 'ஃப்ரம்' என்பதா, 'வித்' என்பதா?

பதில்: 'எ' வந்தால் பெரும்பாலும் பன்மை, 'த' வந்தால் ஒருமை. 'எ வைட் ரேஞ்ச் ஆஃப் பீப்பிள் ஹேவ் கம்' என்கிறபோது நம் கண் மக்கள்மீது இருக்கிறது. 'ரேஞ்ச்' அங்கே 'பலதரப்பட்ட' என்ற அடைபோலக் கரைந்துவிடுகிறது. 'த ரேஞ்ச் ஆஃப் ஏஜஸ் இஸ் வைட்' என்கிறபோது பேசப்படுவது அந்த வீச்சேதான்.

இரண்டாவது கேள்விக்கு, பிறந்து வளர்ந்த சூழல் என்றால் 'ஃப்ரம் எ புவர் பேக்கிரவுண்ட்'. கற்ற கல்வி, பெற்ற பயிற்சி என்றால் 'வித் எ பேக்கிரவுண்ட் இன் சயின்ஸ்'. கல்வியை விட்டுவிட்டு யாரும் வருவதில்லை. 'ஃப்ரம் எ சயின்ஸ் பேக்கிரவுண்ட்' என்று பேச்சில் அடிக்கடி கேட்கிறோம், பொருளும் புரிந்துவிடுகிறது. ஆயினும் வேலைக்கான விண்ணப்பத்தில் நான் 'வித்' என்றே எழுதுவேன்.

கேள்வி: 'ஃப்ரம் ஃபார்மர்ஸ் டு ஜட்ஜஸ்' என்பதுபோல இரண்டு பெயர்களைச் சொல்லியே எல்லாரையும் குறிக்கலாமா?

பதில்: அந்த இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகளாகத் தோன்றினால் குறிக்கலாம். 'ஃப்ரம் டாட்லர்ஸ் டு கிராண்ட்பேரன்ட்ஸ்' என்றால் தளிர்நடைக் குழந்தைமுதல் தாத்தா பாட்டிவரை இடைப்பட்ட வயதினர் எல்லாரும் தாமாகவே உள்ளே வந்துவிடுகிறார்கள். 'டாக்டர்களிலிருந்து வயலின்வரை' என்றால் நடுவில் யாரை நிறுத்துவது? முனைகளைக் காண முடியாவிட்டால் 'இன்க்ளூடிங்' என்று தொடங்கி, வந்தவர்களைப் பெயர் சொல்லிவிடுவதே நேர்மையானது.

கேள்வி: தம் நாட்டைக் குறிப்பிட 'ஐ ஆம் கமிங் ஃப்ரம்' என்று எழுதலாமா? 'ஹெயில் ஃப்ரம்' அதைவிட மதிப்பானதா?

பதில்: 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் கென்யா' என்றால் நீங்கள் இந்த நேரத்தில் பயணத்தில் இருக்கிறீர்கள் என்றே பொருள்படும். பிறந்த நாடு மாறுவதில்லை. ஆகவே மாறாத உண்மைக்குரிய 'ஐ கம் ஃப்ரம்' போதும், அதைவிடச் சுருக்கமான 'ஐ ஆம் ஃப்ரம்' இன்னும் நல்லது. 'ஹெயில்' என்பது கடலில் பிறந்த வழக்கு. எதிரே வரும் கப்பலைக் குரல்கொடுத்து அழைத்தால், அது தன் துறைமுகத்தின் பெயரைச் சொல்லும்; அதனால் அந்தத் துறைமுகத்திலிருந்து 'ஹெயில்' செய்கிறது என்றார்கள். இன்று அச்சொல் சற்றே பழமையாகவோ விளையாட்டாகவோ ஒலிக்கிறது. பிறரை அறிமுகப்படுத்தும்போது அழகாக இருக்கும். தம்மைப் பற்றித் தாமே எழுதும்போது கொஞ்சம் தோரணையாகிவிடும்.