ஒரே தங்கக்காசு போதுமா?

கேள்வி: இடைக்கால ஐரோப்பா போன்ற உலகில் மாயாஜாலக் கதை எழுதுகிறேன். அங்கே வட்டிக்கடை, நாணய மாற்று எல்லாம் எப்படி இருக்கும்?

பதில்: தயவுசெய்து எல்லா ஊரிலும் ஒரே தங்கக்காசு செல்லும் என்று எழுதிவிடாதீர்கள். ஊருக்கு ஊர் நாணயம் வேறு, அதனால்தான் காசு மாற்றுபவர் தராசும் உரைகல்லுமாகச் சந்தையில் உட்கார்ந்திருந்தார். இத்தாலிய நகரமான ஃபுளோரன்ஸ் 1252-இல் அடிக்கத் தொடங்கிய, சுமார் 3.5 கிராம் எடையுள்ள ஃபுளோரின் என்ற தங்கக்காசு மாதிரி சிலதான் எல்லை தாண்டியும் மதிப்போடு புழங்கின. வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்றது. சரி, வியாபாரி விடுவாரா? ஓர் ஊரில் கடன் கொடுத்து, வேறு ஊரில் வேறு நாணயத்தில் திரும்ப வாங்குகிற மாதிரி உண்டியல் (பணம் தரச் சொல்லும் சீட்டு) எழுதி, மாற்று விகிதத்துக்குள் வட்டியை ஒளித்தார். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. அப்புறம், அடகு பிடிப்பவர் எல்லாரையும் கொடியவராக்க வேண்டாம்: 1462-இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் அடகு நிலையமே உருவானது.