எழுந்து, அம்பு விட்டு, மறுபடி படுக்கும் வில்லாளியை என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். நான்தான் டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துவதும் எதிரிகளை இயக்குவதும் நான். எங்கள் வில்லாளி ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து, அம்பு விட்டு, உடனே படுத்துவிடுகிறார். அதுவும் குட்டிச் சுவருக்குப் பின்னால். "கவரும் சேரும், படுத்ததும் சேரும்" என்கிறார். விதிப்படி இது சரியா? என் கோப்ளின்களால் (எதிரிக் குட்டி அரக்கர்களால்) அவரைத் தொடவே முடியவில்லை.

பதில்:

சரிதான், அவர் ஏமாற்றவில்லை. ஆனால் விதியில் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். மிச்சப் பாதியில்தான் உங்கள் கோப்ளின்களின் பிழைப்பு இருக்கிறது.

முதலில் ஏன் சேருகிறது என்று பார்ப்போம். கவர் என்பது மறைவு, ஏ.சி.யைக் கூட்டுவது (பெங்களூரில் பாதிப் பேர் வாங்காமலே காலம் தள்ளும் ஏ.சி. இல்லை, ஆர்மர் கிளாஸ், அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்). அரை கவருக்கு +2, முக்கால் கவருக்கு +5. மந்திர வெடிப்பு போன்றவற்றிலிருந்து தப்ப உருட்டும் டெக்ஸ்டெரிட்டி சேவுக்கும் இதே கூடுதல் உண்டு. முழு கவர் என்றால் நேரடியாகக் குறிவைக்கவே முடியாது. படுப்பது வேறு வகை. அது எண்ணைத் தொடாது, உருட்டலைத் தொடும்: ஐந்தடிக்கு மேல் தள்ளி நின்று அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு டி20 (இருபது பக்கக் கட்டை) உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். ஒன்று எண்ணில், இன்னொன்று கட்டையில். அதனால் இரண்டும் ஒன்றாக நிற்கும். இரண்டு கவர்கள் மட்டும் ஒன்றோடொன்று கூடாது. சுவரும் மரமும் சேர்ந்து +7 என்று யாராவது கணக்குச் சொன்னால் விடாதீர்கள், இரண்டில் பெரியது மட்டும்தான்.

இப்போது உங்கள் கோப்ளினையே எடுத்துக்கொள்வோம். வில்லுக்கு +4, அதாவது கட்டையில் விழுவதோடு 4 சேரும். வில்லாளியின் ஏ.சி. 15 என்றால் 11 விழவேண்டும், 50 சதவீதம். அரை கவரில் 40, முக்கால் கவரில் 25. வெட்டவெளியில் படுத்திருந்தாலும் 25தான். அரை கவரோடு படுத்தால் 16, முக்கால் கவரோடு படுத்தால் 6 சொச்சம். நீங்கள் ஏன் திணறுகிறீர்கள் என்பது இந்தக் கடைசி இரண்டு எண்ணில் தெரியும். ஆனால் அதே கோப்ளின் கத்தியோடு பக்கத்தில் வந்து நின்றால்? ஐந்தடிக்குள் இருந்து அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு கட்டையில் பெரியது), 75 சதவீதம். நின்றிருந்தால் 50தான் இருந்திருக்கும். படுப்பது தூரத்தை நம்பி வைக்கும் பந்தயம். தூரம் போனால் பந்தயமும் போச்சு.

அதனால் வில்லாளி படுக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இனிஷியேட்டிவ் வரிசையை, யாருக்குப் பிறகு யார் முறை என்பதை. அவருடைய இந்த முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் கத்திக்காரக் கோப்ளின் யாராவது வருகிறானா? கோப்ளினின் வேகம் 30 அடி, ஆறு கட்டம். ஏழாவது கட்டத்தில் வில்லாளி கிடந்தால் போய்ச் சேர்ந்து அந்த முறையிலேயே குத்தலாம். நடுவில் சுவர் இருந்தால் சுற்றிப் போகும் கட்டங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கத்தி எட்டவில்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ரெடி ஆக்‌ஷன். "அவன் எழுந்ததும் விடுவேன்" என்று மூன்று கோப்ளின்களைக் காத்திருக்க வையுங்கள். அவர் எழுந்த கணம், அம்பு விடுவதற்கு முன்பே, மூவரும் ரியாக்‌ஷனில் விடுவார்கள். நிற்பவர்மேல் டிஸ்அட்வான்டேஜ் கிடையாது, சுவரின் +2 மட்டுமே. ஆளுக்கு 40 சதவீதம், மூன்றில் ஒன்றாவது படுவதற்கு 78. வேறு யாரையும் அடிக்காமல் ஒரு முறையை இதற்காகச் செலவழிக்கிறீர்கள், அது நஷ்டம்தான். ஆனால் இரண்டு சுற்று இப்படி நடந்தால் அவர் இடம் மாற ஆரம்பிப்பார்.

இரண்டு, ஒளிவது. கோப்ளினுக்கு, அடிப்பதற்கு மேலே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஒளியத் தெரியும், பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. கண்ணில் படாமல் விடும் அம்புக்கு அட்வான்டேஜ். படுத்தவரால் வரும் டிஸ்அட்வான்டேஜோடு அது மோதி இரண்டும் ரத்தாகும், ஒரே கட்டை உருட்டினால் போதும். எந்தப் பக்கம் எத்தனை காரணம் இருந்தாலும் இந்த ரத்து ஒரே மாதிரிதான். இதே காரணத்தால் உங்கள் ஆட்டக்காரரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோப்ளின் வைத்திருக்கும் ஷார்ட்போவின் (குறுவில்லின்) சாதாரண எல்லை 80 அடி. அதைத் தாண்டி நிற்கும் கோப்ளினுக்கு ஏற்கனவே டிஸ்அட்வான்டேஜ் இருக்கிறது. இரண்டு டிஸ்அட்வான்டேஜ் சேர்ந்தாலும் ஒன்றுதான், அவனுக்காகப் படுப்பதில் பைசா லாபம் இல்லை, ஒரு மரத்துக்குப் பின்னால் போய் +2 வாங்குவது மேல்.

செலவையும் சரியாக வசூலியுங்கள். படுப்பது இலவசம். எழ வேகத்தில் பாதி போகும், 30 அடிக்காரருக்கு 15. நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் வில்லாளிக்கு இது வலிக்காது, அதனால்தான் இந்த வித்தை அவ்வளவு மலிவாகத் தெரிகிறது. அவர் நகர வேண்டிய கட்டாயத்தை உண்டாக்குங்கள், அப்போது தெரியும். எழாமல் தவழ்ந்தால் ஒவ்வோர் அடிக்கும் இரண்டடி கணக்கு. வேகம் பூஜ்யம் என்றால் எழவே முடியாது. படுத்தவரை ஒருவன் கட்டிப்பிடித்துவிட்டால் வேகம் பூஜ்யம், அவர் அங்கேயேதான் கிடக்க வேண்டும், சுற்றியிருக்கும் ஒவ்வொரு கத்திக்கும் அட்வான்டேஜ்.

மேசையில் அடிக்கடி நடக்கும் தப்புகள் சில. எழாமல் படுத்தபடியே விட்டால் அவருடைய அம்புக்கும் டிஸ்அட்வான்டேஜ் உண்டு. கிராஸ்போவுக்கு இதில் விலக்கு இருப்பதாக யாராவது அடித்துச் சொன்னால் அவர் பழைய 3.5 பதிப்பு ஆடியவராக இருப்பார், அந்த விலக்கு அங்கேதான். எதிரி விடும்போது "இப்பவே படுத்துக்கறேன்" என்று கத்துவதும் செல்லாது, படுப்பது தன் முறையில்தான். படுத்ததால் ஃபயர்பால் என்ற வெடிக்கும் மந்திரத்தில் தப்பிக்கவும் முடியாது. சேவுக்கு உதவுவது கவர் மட்டும்தான், அதுவும் வெடிக்கும் புள்ளியிலிருந்து பார்க்கும்போது நடுவில் ஏதாவது இருந்தால். சுவரைத் தாண்டி, அவர் முதுகுக்குப் பின்னால் வெடித்தால் சுவர் எதற்கு? சேக்ரட் ஃபிளேம் என்ற மந்திரம் கவரையே மதிப்பதில்லை.

எல்லோரும் மறக்கும் இன்னொன்று: நடுவில் நிற்கும் ஆளும் அரை கவர்தான். உங்கள் வில்லாளி தன் கட்சிப் பாலடினின் தோளுக்கு மேலே குறிவைத்தால் அந்தக் கோப்ளினின் ஏ.சி. +2 சேர்ந்து 17. ஷார்ப்ஷூட்டர் ஃபீட் (கூடுதல் திறமை) வாங்கியிருந்தால் மட்டும் அரையும் முக்காலும் அவருக்குப் பொருட்டில்லை.

இனி அந்தக் குட்டிச் சுவர். மூன்றடிச் சுவருக்குப் பின்னால் படுத்தால் அரை கவரா முழு கவரா என்று விதிப்புத்தகம் அளந்து சொல்லவில்லை, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் அபிப்பிராயம்: சுவரை ஒட்டிப் படுத்தால் முழு கவர், ஆனால் இரு பக்கமும். அவரைக் குறிவைக்க முடியாது, அவருக்கும் அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. கோப்ளின்கள் நகர்ந்ததை அவருக்குச் சொல்லாதீர்கள். எழும்போது பார்த்துக்கொள்ளட்டும். ரெண்டாவது மாடி பால்கனியில் நிற்பவனுக்கு இதே சுவர் வெறும் கோடு. அங்கிருந்து கவர் கொடுக்க மாட்டேன், படுத்ததால் வரும் டிஸ்அட்வான்டேஜை மட்டும் விதிப்படி விட்டுவைப்பேன்.

கவரா இல்லையா என்ற சண்டைக்கு ஒரு தையல் நூல் போதும். சுடுபவரின் கட்டத்தில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து இலக்கின் கட்டத்தில் நான்கு மூலைக்கும் நூல் பிடியுங்கள். ஒன்றோ இரண்டோ தடைபட்டால் அரை, மூன்றோ நான்கோ தடைபட்டும் அம்பு நுழைய வழி இருந்தால் முக்கால். எந்த மூலை என்பது சுடுபவரின் விருப்பம், அவர் தனக்கு வசதியானதைத்தான் எடுப்பார், எடுக்கட்டும். அவென்யூ ரோட்டில் சார்ட் பேப்பர் வாங்கி ஒரு அங்குலக் கட்டம் போட்டு, தீப்பெட்டிகளைச் சுவராக வைத்தால் நூல் எங்கே தட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாளைக்கு வேறு விதிக்கு மாறினால் இந்தக் கணக்கு எதுவும் கூடவே வராது. பாத்ஃபைண்டர் என்ற இதேபோன்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் படுக்க ஒரு ஆக்‌ஷன், எழ ஒரு ஆக்‌ஷன். படுத்தால் ஏ.சி. 2 குறையும். இன்னொரு ஆக்‌ஷன் செலவழித்து டேக் கவர் எடுத்தால், மறைய எதுவுமே இல்லாவிட்டாலும் அம்புகளுக்கு எதிராக +4, நிகரமாக 2 லாபம். தானே அம்பு விட்டால் அந்த +4 போய்விடும். அங்கே எழுந்து-விட்டு-படுப்பது ஒரு முறைக்குக் கிடைக்கும் மூன்று ஆக்‌ஷனையும் தின்றுவிடும், அதனால் யாரும் செய்வதில்லை.

உங்கள் மேசைக்கு இந்த வாரமே செய்யக்கூடியது வரைபடத்தை மாற்றுவது. ஒரே நீளச் சுவரும் எதிரில் வெட்டவெளியும் கொடுத்தால் எந்த வில்லாளியும் படுக்கத்தான் செய்வார். சுவரை மூன்று கட்டத்துக்கு மேல் நீட்டாதீர்கள். இரண்டு கோப்ளின்களைப் பக்கவாட்டில், ஏழு கட்டத்துக்குள், ஒரு புதருக்குப் பின்னால் வையுங்கள்.