பிழைப்புக்காகப் பிரிந்த குடும்பங்களும் மனநல சிகிச்சையும்: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து ஓர் அப்பாயி: மகன் சிங்கப்பூர் போய் ஒரு வருஷம் ஆகுது. 8 வயசுப் பேரன் வாரத்துல மூணு நாள் படுக்கையை நனைக்கிறான். அப்பா போன் பண்ணா ஓடி ஒளியுறான். மந்திரிச்சும் பார்த்தாச்சு.

பதில்: முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா. சிறுநீரில் கிருமி, சர்க்கரை, மலச்சிக்கல் மூன்றும் இல்லை என்று தெரிந்தாக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி ஆரம்பித்திருந்தால், அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். வேண்டுமென்று செய்வதில்லை. அதனால் அடியும் கேலியும் நிலைமையைக் கெடுக்கத்தான் செய்யும். பகலில் நிறையத் தண்ணீர் கொடுங்கள், படுக்கப்போகும் முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயம் இதைவிட முக்கியம். "படிச்சியா? எத்தனை மார்க்கு?" என்று விசாரணையாகவே அழைப்பு வந்தால் எந்தப் பிள்ளையும் ஒளியும். அதிலும் பக்கத்தில் அவன் நிற்கும்போதே "இன்னிக்கும் நனைச்சிட்டான்" என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். வாரம் இரண்டு நாள், நம் நேரம் இரவு 7 மணி என்று வையுங்கள், அங்கே 9.30. பத்து நிமிஷம் போதும். படிப்புப் பேச்சு கூடாது. வரைந்த படத்தைக் காட்டட்டும், அப்பா சாப்பிட்ட தட்டைக் காட்டட்டும். டிக்கெட் போடாமல் "அடுத்த மாசம் வந்துடுவான்" என்று சொல்லாதீர்கள். இரண்டு முறை பொய்த்தால் பிள்ளை நம்புவதை நிறுத்திவிடும். தாயத்து கையிலேயே இருக்கட்டும், அதைக் கழற்றச் சொல்லும் ஆலோசகர் உங்களையும் சேர்த்து இழந்துவிடுவார்.

திருவாரூர், பள்ளி ஆசிரியை: அரிசி ஆலையில் வேலை பார்க்கும் பீகார் குடும்பத்துப் பையன், வகுப்பில் நாலு மாசமாகப் பேசவில்லை. மனவளர்ச்சிக் குறையா?

பதில்: வீட்டில் தன் மொழியில் சரளமாகப் பேசுகிறானா? பேசினால், புது மொழியைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும் காலமாக இருக்கலாம். அது சில மாதங்கள் நீடிப்பது இயல்பு. வீட்டிலும் பேச்சில்லை என்றால் செவித்திறன் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். தமிழில் வைக்கும் நுண்ணறிவுத் தேர்வின் மதிப்பெண் இவனுக்குச் செல்லாது.

பெற்றோரிடம் பேச மொழிபெயர்ப்பவர் தேவை. வீட்டில் பேசுவது இந்தி மொழியா, போஜ்புரியா, மைதிலியா என்று முதலில் கேளுங்கள். அக்காவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் அழுகையைப் பிள்ளை சுமக்கக் கூடாது. மேஸ்திரியும் வேண்டாம், கூலி அவர் கையில் இருக்கும்போது யாரும் உண்மை பேச மாட்டார்கள். மொழிபெயர்க்க வருபவரிடம் பத்து நிமிஷம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்: "அவங்களுக்குப் பயமாம்" அல்ல, "எனக்குப் பயமா இருக்கு" என்று அப்படியே சொல்ல வேண்டும், கேட்டது வெளியே போகக் கூடாது. மூவரும் முக்கோணமாக உட்காருங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அம்மாவின் முகத்தை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, பல இந்திய மொழிகளில் பேசலாம்.

நாகப்பட்டினம்: கணவர் குவைத்தில். எனக்கு நெஞ்சு படபடப்பு, தலை பாரம். ஈசிஜி நல்லாயிருக்கு. மனசுதான் காரணம்னாங்க. மாமியாருக்குத் தெரியாம பார்க்க முடியுமா?

பதில்: முடியும். 2017 மனநலச் சட்டப்படி ரகசியம் உங்கள் உரிமை. தைராய்டு, ரத்த அளவு இரண்டையும் பார்த்துவிடுங்கள். வலி கற்பனை இல்லை. நம் பக்கத்தில் துக்கம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். "மனச்சோர்வு இருக்கா" என்று கேட்டால் இல்லை என்பவர்கள், "வெறிச்சுனு இருக்கா? சோறு இறங்குதா? விடியக்காத்தால முழிப்பு தட்டுதா?" என்றால் கொட்டிவிடுவார்கள். நீங்களும் மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். சாகத் தோன்றினால் மறைக்காதீர்கள், அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். "கேக்கலை" என்று பத்தாம் நாளே நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கும்பகோணம்: வெளிநாட்டிலிருந்து வந்த மனநல மருந்து சாப்பிடும் தம்பியைத் திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோவிலில் 48 நாள் தங்க வைக்கப்போகிறோம். மருந்தை நிறுத்தலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் மருந்து) சாப்பிடுகிறார் என்றால் தண்ணீர் குடிக்காத விரதம் கூடவே கூடாது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கை நடுக்கம் கூடினாலோ, வாந்தியோ தள்ளாட்டமோ வந்தாலோ அடுத்த வேளை லித்தியத்தை மட்டும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கே தங்கினாலும் சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம்.