முடிச்சூரில் 58 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட்: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு ஒரகடத்தில் வேலை, மனைவிக்குக் கிண்டியில். ஆறு வருடமாகச் சேலையூரில் வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 16,000 ரூபாய். முடிச்சூர் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்பில் தரைத்தளத்தில் 880 சதுர அடி ஃபிளாட், 58 லட்சம் என்கிறார்கள். யு.டி.எஸ். (மொத்த நிலத்தில் என் பெயருக்கு வரும் பங்கு) 340 சதுர அடி. "ரேரா அப்ரூவ்டு, லோன் ரெடி, தாம்பரம் ஸ்டேஷன் பத்து நிமிஷம்" என்கிறார் விற்பனை செய்யும் தம்பி. கையில் 15 லட்சம் இருக்கிறது. 50,000 ரூபாய் டோக்கனும் கொடுத்துவிட்டேன். ஊரிலிருக்கும் அப்பாவோ, "அந்தரத்தில தொங்குற வீடு எதுக்கு, மண்ணா வாங்கு" என்று படப்பைக்கு அப்பால் ஒரு மனையைப் பார்த்து வைத்திருக்கிறார். எதைச் செய்வது?

பதில்: நல்லவேளை, அக்ரிமென்ட் போடுவதற்கு முன்னால் கேட்டீர்கள். வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடும் வேலையில் குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை தெருத்தெருவாக அலைந்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தத் தம்பி சொன்ன மூன்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த மூன்றிலும் இல்லை: அடுக்குமாடி வருவதற்கு முன்னால் அந்த இடம் என்னவாக இருந்தது?

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். முடிச்சூர் அந்தப் பட்டியலில் இல்லை. அப்போது அது ஊராட்சியாகவே நின்றது. விளம்பரப் பலகையில் மட்டும் எல்லாமே 'தாம்பரம்'தான். அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். மேலே எந்த உள்ளாட்சியின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். குப்பை வண்டி, தெருவிளக்கு, பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாவிட்டால் செப்டிக் டேங்க்தான், அதை எடுக்க லாரிதான். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் வாரத்துக்கு எத்தனை தண்ணீர் லாரி வருகிறது என்பதைப் பக்கத்து அடுக்ககத்து வாட்ச்மேனிடம் கேளுங்கள். சங்கச் செயலாளர் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். வாட்ச்மேனுக்கு அந்தத் தேவை இல்லை.

அப்புறம் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு நிரம்பி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் நின்றவர்களைப் படகில் ஏற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இதற்காக முடிச்சூர் முழுவதையும் ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரே சாலையில் ஒரு தெரு காய்ந்திருக்கும், அடுத்த தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். உங்கள் தெரு எது என்பதுதான் விஷயம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து போங்கள், காரில் போகாதீர்கள். பழைய வீடுகளின் காம்பவுண்டு சுவரில் ஒரே மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறதா? பெயின்ட் அடித்திருந்தால் சுவரின் பின்பக்கம், கிணற்று மேடை, மின்கம்பம் இவற்றைப் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. வாசலிலிருந்து தெருவுக்கு இறங்குகிறார்களா, ஏறுகிறார்களா? சாலையை மேலே மேலே போட்டு உயர்த்திவிட்ட தெருக்களில் இருபது வருட வீடுகள் பள்ளத்துக்குள் போயிருக்கும். சில வீடுகளில் நுழைவாசலின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துச் சின்னத் தடுப்புச் சுவர் கட்டியிருப்பார்கள். வேடிக்கைக்காக யாரும் அதைக் கட்டமாட்டார்கள். மின்சார மீட்டரை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றியிருந்தால் அந்த வீட்டுக்காரர் ஒருமுறை பட்டவர். நீங்கள் கேட்டிருப்பது தரைத்தளம் என்பதால் இவ்வளவும் சொல்கிறேன். அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரரிடம், "மிக்ஜாம் அப்போ கடையில் எந்தத் தட்டு வரை நனைஞ்சுது?" என்று கேளுங்கள். "தண்ணி வந்துதா?" என்று கேட்டால் இல்லை என்பார். தட்டைக் கேட்டால் கையால் காட்டிவிடுவார்.

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களுமே பாதி உண்மையைச் சொல்லிவிடும். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறு ஏரி. கலங்கல் என்பது நிரம்பிய ஏரியின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். கலங்கல் தெருவில் வீடு வாங்கிவிட்டுத் தண்ணீர் வந்துவிட்டது என்று வருத்தப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், அந்தத் தெருவுக்கு வந்த தண்ணீர் தன் வழியில்தான் வந்தது.

சரி, இனி காகிதம். சர்வே எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே எழுந்துவிடலாம். அந்த எண்ணை வைத்து அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவும், அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு), புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) பார்க்கலாம். அ-பதிவேட்டில் அந்த எண் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். நஞ்சை என்றால் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி, அதாவது தண்ணீர் தானாக வந்து சேர்ந்த தாழ்வான இடம். அதில் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, முறையான அனுமதி பெற்றுக் கட்டலாம். ஆனால் தரையை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்ற கேள்வியை நஞ்சை என்ற அந்த ஒரு சொல் எழுப்ப வேண்டும். புலப்படத்தில் மனையை ஒட்டி இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் நேரில் போய் அந்த வாய்க்காலைத் தேடுங்கள். படத்தில் இருக்கும் வாய்க்கால் தரையில் இல்லை என்றால், அது யாருடைய படுக்கையறைக்குக் கீழே போகிறது என்று யோசிக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தில் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், குறைந்தது 30 வருடத்துக்கு வேண்டும். அதில் வில்லங்கம் இல்லை என்று வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். பதிவாகாத விஷயம் அதில் வராது. நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. விவசாயக் குடும்பத்து நிலம், அப்பா காலமானபின் அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றிருப்பார்கள், கல்யாணமாகிப் போன அக்கா கையெழுத்து இருக்காது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் சம உரிமை, அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கு 1989-லேயே வந்துவிட்டது, மற்ற மகள்களுக்கும் 2005-ல் வந்தது. பத்து வருடம் கழித்து அந்த அக்காவின் பிள்ளைகள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். அதனால் தாய்ப் பத்திரத்திலிருந்து (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று உங்கள் செலவில் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். "பேங்க்லயே லீகல் பார்த்துட்டாங்க" என்பது போதாது. வங்கி பார்ப்பது தன் கடன் திரும்புமா என்று. உங்களிடம் சம்பளம் இருக்கிறது, அதுவே அவர்களுக்குப் பெரிய ஈடு.

'ரேரா அப்ரூவ்டு' என்ற சொல்லே சரியில்லை. ரேரா என்பது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீட்டுக்கு மேலோ கட்டி விற்பவர்கள் ரேராவில் பதிவு செய்தாக வேண்டும், அவ்வளவுதான். அது தரச் சான்றும் இல்லை, வெள்ளச் சான்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பதிவு எண்ணால் உங்களுக்குப் பலன் உண்டு: திட்டம் முடிய வேண்டிய தேதி, அனுமதி பெற்ற வரைபடம், உங்கள் வீட்டின் கார்பெட் பரப்பு எல்லாம் ரேரா தளத்தில் இருக்கும். 880 என்பது படிக்கட்டு, லிஃப்ட், தாழ்வாரம் எல்லாம் சேர்த்த கணக்காகத்தான் இருக்கும். உள்ளே காலால் மிதிக்கும் இடம் 660 என்று வைத்தால், நீங்கள் சதுர அடிக்குக் கொடுப்பது 6,600 இல்லை, கிட்டத்தட்ட 8,800.

யு.டி.எஸ். 340 என்பதும் எனக்கு இடிக்கிறது. இப்போதைய விதிப்படி சாதாரணமாக நிலத்தின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். அப்படியென்றால் 880 சதுர அடிக்கு 440-ஐ ஒட்டி வர வேண்டும். நூறு சதுர அடி எங்கே போனது என்று கேளுங்கள். பொது இடங்களைக் கணக்கிடும் விதத்தால் கொஞ்சம் குறையலாம், கூடுதல் தளப் பரப்புக்குப் பணம் கட்டி அனுமதி வாங்கியிருக்கலாம். இரண்டுமே இல்லையென்றால், நிலத்தில் ஒரு பகுதியை உரிமையாளர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்கிறார் என்று பொருள். முப்பது வருடம் கழித்துக் கட்டடம் இடிபடும் நாளில் உங்களுக்கு மிஞ்சுவது அந்த நிலம் மட்டும்தான். உங்கள் அப்பா சொல்வதில் உள்ள நியாயமும் இதுதான்.

பணக் கணக்கைப் பார்ப்போம். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்பதால், அதுவும் 45 லட்சத்துக்கு மேல் என்பதால், 5 சதவீதம் ஜி.எஸ்.டி. (தாம்பரத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் சாலைதான் நினைவுக்கு வரும், இது வரி.) அது 2.9 லட்சம். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம், அதாவது 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வங்கி 80 சதவீதம் தந்தால் கடன் 46.4 லட்சம், உங்கள் பங்கு 11.6 லட்சம். வரியையும் பதிவையும் சேர்த்தால் கையிலிருந்து 18.5 லட்சம் போகும். உங்களிடம் இருப்பது 15. இதில் அலமாரி, கிரில், மின் இணைப்பு, சங்க வைப்புத்தொகை எதுவும் சேரவில்லை. 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஈ.எம்.ஐ. 40,000-ஐத் தாண்டும். வீடு முடியும்வரை சேலையூர் வாடகையும் ஓடும். இன்னொன்று: விலை 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடித்து நீங்கள்தான் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

'பத்து நிமிஷம்' கதையைத் திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு உங்கள் மனைவியோடு போய்ச் சோதித்துவிடுங்கள். உங்களுக்கு ஒரகடம் இங்கிருந்து வசதிதான். அவருக்குத்தான் தினமும் ஸ்டேஷன் போய்ச் சேரும் பாடு.

அப்பாவின் மனை. ஊரில் இருந்துகொண்டே இதைத் தேடிப் பிடித்திருக்கிறார், அவர் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள், அங்கீகாரமில்லாத மனைகள் என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா, வரன்முறைப்படுத்தியதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் இப்போது உங்களுக்கு வேண்டியது குடியிருக்க ஒரு வீடு. மனைக்குக் கடன், பிறகு கட்டக் கடன், நடுவில் வாடகை என்று மூன்றையும் ஒரே சமயத்தில் இழுக்க முடியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதிதைத் தேடமாட்டேன். கிழக்குத் தாம்பரம், செம்பாக்கம், சானடோரியம் பக்கம் 2015 வெள்ளத்துக்கு முன்னால் கட்டிய பழைய ஃபிளாட், முதல் மாடி, 45 லட்சத்துக்குள் பார்ப்பேன். அங்கேயும் ஏரிகள் உண்டு, மேலே சொன்ன தெரு நடை அங்கேயும் பொருந்தும். ஆனால் அந்தக் கட்டடம் 2015-ஐயும் 2023-ஐயும் பார்த்துவிட்டது, மேல்வீட்டுக் குழாய் ஒழுகுமா என்பதும் கூரையில் தெரிந்துவிடும். பழைய விதிகளில் கட்டியது என்பதால் யு.டி.எஸ். பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஜி.எஸ்.டி. கிடையாது. பதிவுக்கு மட்டும் 9 சதவீதம் ஆகும். வாங்கினால் சங்கத்தின் மூன்று வருடக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். போர்வெல் மோட்டாருக்கு அடிக்கடி செலவு எழுதியிருந்தால் நிலத்தடி நீர் கீழே போகிறது என்று அர்த்தம்.

டோக்கன் 50,000-க்கு ரசீது வாங்கினீர்களா? ரசீதில் 'திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். இந்த வாரமே மின்னஞ்சலில் தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கம், அனுமதி வரைபடம், யு.டி.எஸ். கணக்கு நான்கையும் கேட்டு எழுதுங்கள். ஆவணம் தரவில்லை, அல்லது தந்ததில் பிழை இருக்கிறது என்ற காரணத்தை எழுத்தில் வைத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் ரேராவில் புகார் கொடுக்கலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் அடுத்த தவணை கேட்டு அந்தத் தம்பி போன் செய்தால், முதலில் அந்த நான்கு காகிதங்கள் வந்து சேரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.