இங்கிலீஷ் பழக நாவல் வாசிக்கிறதோ, சின்னச் சின்னத் துண்டுகள் வாசிக்கிறதோ நல்லம்?

நாவலை இப்போதைக்கு விடுங்கோ. நானும் ஒருக்கா யாழ்ப்பாணம் பப்ளிக் லைப்ரரில மொத்தப் புத்தகம் ஒண்டு எடுத்து மூண்டாம் பக்கத்தோட திருப்பிக் குடுத்தனான். நூறு சொல்லில 98 எண்டாலும் தெரிஞ்சாத்தான் டிக்ஷனரி இல்லாம நல்லா விளங்கும் எண்டு மொழி ஆராய்ச்சிக்காரர் சொல்லுகினம், அதால உங்கட லெவலுக்கு ஏத்த அரைப்பக்கத் துண்டுகளா எடுங்கோ, இண்டைக்கு கிரிக்கெட் செய்தி, நாளைக்கு சமையல் குறிப்பு, பேந்து மருந்துப் பெட்டிக்குள்ள இருக்கிற தாள் (அது கொஞ்சம் கஷ்டம்தான்) எண்டு மாத்தி மாத்தி. ஏனெண்டா ஒரே சொல்லு வேற வேற இடத்தில வந்து முட்டேக்கதான் மனசில நிக்கும், ‘ரன்’ எண்டது கிரிக்கெட்டில ஒண்டு, கடை நடத்துறதுக்கும் அதேதான், மூக்கு ஒழுகுறதுக்கும் அதேதான். தெரியாத சொல்லெல்லாத்தையும் கொப்பீல எழுதப் போகாதேங்கோ, ரெண்டு மூண்டு தரம் வந்தா மட்டும் பாருங்கோ.